ரொட்டி நிற்கும் இடம்

கறுப்பு ரொட்டியின் நடுவில் கட்டைவிரலால் குழி தோண்டி, மெழுகுவர்த்தியை நட்டு, குளியல் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிடுகின்றன இரண்டு கைகள். பிறகு ஒன்று கடிகாரத்தைப் பிடிக்கிறது, மற்றது பென்சிலை. ரொட்டி ஊறிச் சரிந்து திரி அணைந்ததும் நோட்டில் எழுதப்படுகிறது: பதினோரு நிமிடம்.

அந்தக் கைகள் ஒத்தீலியாவுடையவை. எங்கள் ஊர்த் தபால் நிலையத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலி. பிற்பகல்களில் மாயாஜால நாவல் எழுதுகிறாள். தலைநகர் வார்சாவில் வாசகர்கள் உண்டு. எந்தப் பேயையும் சோதிக்காமல் எழுதமாட்டாள். உச்சிவேளையில் வயலில் நிற்பவர்களின் கழுத்தை முறிக்கும் பெண்பேய்க்காக ஜூலை வெயிலில் மூன்று நாள் கோதுமைக்குள் நின்றாள்.

"வந்துச்சா?" என்றேன்.

"வரல. மூக்குத் தோல்தான் உரிஞ்சுது. அதையும் எழுதிட்டேன்."

ரொட்டிக்குப் பதிலாக மந்திரக்கோல் கேட்டாராம் பதிப்பாளர். "எங்க ஆத்துல ரொட்டிதான்யா மிதக்கும்" என்று போனை வைத்துவிட்டாள்.

ஆற்றில் மூழ்கியவரைத் தேட இங்கே அப்படித்தான் ரொட்டியில் விளக்கேற்றி விடுவார்கள். அது நிற்கும் இடத்தில் உடல் இருக்கும். அவள் நாவலில் ரொட்டி நிற்பதில்லை. உடல் கிடைக்காத இளைஞன் நீர்ப்பேயாகிப் படகுகளைக் கவிழ்க்கிறான்.

நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் இதைத் தேனீக்கார வலென்டியிடம் சொன்னேன். ஐம்பது வருடத்துக்கு முன் அவருடைய தம்பி அலாய்ஸியைப் பூக் ஆறு கொண்டுபோனது; உடல் கிடைக்கவே இல்லை. மறுநாளே தபால் நிலையத்தில் அவள் முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, பேய்ங்களுக்கெல்லாம் சோறு போடுறவளே, உன் புஸ்தகத்துல என் தம்பி இருக்கானாமே?"

"அது வேற பையன் அண்ணே."

"ரொட்டி நிக்காம போச்சுன்னு எழுதியிருக்கியா?"

"அப்படித்தானே அண்ணே நடந்துச்சு."

சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நடந்தது எனக்குத் தெரியாதா? கதையிலயாவது நிக்கட்டுமே தாயி. அவன எத்தன நாள் தண்ணியில வச்சிருப்பீங்க?"

ரொட்டி நின்றால் உடல் கிடைத்துவிடும். உடல் கிடைத்தால் பேய் கிடையாது. பேய் இல்லையென்றால் அதற்குப் பின் எழுதிய ஒன்பது அத்தியாயங்களும் குப்பை. அன்று அவள் குத்திய முத்திரைகளில் பாதி தலைகீழாக விழுந்தன.

மூன்று வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. நேற்று வலென்டி உள்ளே வந்ததும், கையால் எழுதிய இரண்டு தாள்களுடன் எழுந்து போனாள்.

"கண்ணாடி எடுத்துட்டு வரலையேம்மா. எங்க நிக்குது?"

இரண்டாவது தாளில், ஒரு வரியின் மீது விரலை வைத்து நீட்டினாள். அவர் விரல் அந்த இடத்துக்கு வந்து சேரும்வரை தன் விரலை எடுக்கவில்லை.