நான்கு பெட்டிக் காந்தமும் அசையாத ஊசியும்

முந்தின நாள் காம்பஸ் ஊசியைத் துள்ள வைத்த அதே சரக்கு, மறுநாள் காலை அதை அசைக்கவே இல்லை.

நான் சாங்கி விமான நிலையத்தில் சரக்கு வாங்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். காந்தம் உள்ள சரக்கைச் சோதிப்பது என் பொறுப்பு. பலமான காந்தம் விமானத்தின் திசைகாட்டியைத் தப்பாகக் காட்ட வைத்துவிடும். அதனால் தரையில் போட்ட மஞ்சள் கோட்டின் ஒரு முனையில் சரக்கையும் மறுமுனையில் காம்பஸையும் வைப்போம். சரக்கை மெல்லச் சுற்றுவோம். ஊசி இரண்டு டிகிரிக்கு மேல் விலகினால் ஏற்ற முடியாது. பள்ளியில் காகிதத்தின் மேல் இரும்புத்தூள் தூவிப் பார்த்ததோடு என் இயற்பியல் முடிந்தது. மற்றதெல்லாம் இந்த ஊசி கற்றுக்கொடுத்ததுதான்.

சரக்கு தேக்கா கடைத்தெருவில் உள்ள ஓர் ஒலிபெருக்கிக் கடையுடையது. ஸ்பீக்கருக்குள் வைக்கும் காந்த வளையங்கள், நான்கு அட்டைப் பெட்டிகள், திருச்சிக்குப் போக வேண்டும். கொண்டு வந்தவர் ஏஜெண்ட் காசிம். முதல் நாள் நான் திருப்பி அனுப்பியபோது அவர் முகம் கறுத்துப்போனது.

"அக்கா, இன்னொரு தடவ திரும்பி வந்துச்சுன்னா வேலைக்கே வராதன்னு முதலாளி சொல்லிட்டாரு" என்றார்.

மறுநாள் நான்கு பெட்டிகளையும் ஒரே பேலட் பலகையில் அடுக்கி, கறுப்பு பிளாஸ்டிக்கால் இறுகச் சுற்றிக் கொண்டு வந்தார். ஊசி அசையவில்லை. எடையோ நேற்றைய எடைதான். காந்தத்தை எடுத்துவிட்டு வேறு எதையோ அடைத்திருக்கிறாரோ? எனக்கு ஆட்களை நேருக்கு நேர் கேள்வி கேட்க வராது. காம்பஸைப் பார்த்துக்கொண்டே, "பிளாஸ்டிக்கப் பிரிங்க" என்றேன்.

"ஏங்கா? ஊசிதான் தூங்குதே. சைன் பண்ணுங்க லா."

"நேத்து ஆடுச்சே."

"நேத்து உங்களப் பாத்துப் பயம். இன்னிக்குப் பழகிருச்சு."

சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் உட்கார்ந்திருந்த மணியம் அண்ணன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சைன் வாங்கும் நேரத்தில் சிரிக்க வைப்பவர்களிடம் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும். நானே கத்தியை எடுத்தேன்.

பெட்டிகளைத் திறந்து பார்த்தால் காந்தங்கள் எல்லாம் இருந்தன. ஆனால் இரண்டு பெட்டிகளில், மேல்பக்கத்தைக் காட்ட அச்சடித்த அம்புக்குறி தரையைப் பார்த்தது.

"இது ரெண்டும் தலகீழா இருக்கே?"

காசிம் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணுல வடக்கு மேல, பக்கத்துல உள்ளதுல தெற்கு மேல. இதோட இழுப்ப அது அடிச்சிரும். தூரத்துல ஒண்ணும் தெரியாது. நான் யாரையும் ஏமாத்தலக்கா."

பொய் இல்லை என்று புரிந்தது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. விமானத்தில் இடம் போதாவிட்டால் பேலட்டைப் பிரித்து, பெட்டிகளைத் தனித்தனியாக ஏற்றுவது இங்கே வழக்கம். ஒரு பெட்டியை மட்டும் கோட்டில் விட்டு, மற்றவற்றைத் தள்ளி வைக்கும்படி மணியம் அண்ணனிடம் சொன்னேன். ஊசி துள்ளியது.

காசிமின் கேலி நின்றுபோனது. "அப்ப என் வேலை போச்சு."

"நாலையும் இதே மாதிரி ஒரே மரப்பெட்டிக்குள்ள வச்சு ஆணி அறைஞ்சு கொண்டாங்க. யாரும் பிரிக்க முடியக்கூடாது."

"விமானம் சாயங்காலம்க்கா! உயிர எடுக்குறீங்களே!"

திட்டிக்கொண்டே போனவர், சரக்கு வாங்கும் நேரம் முடிவதற்குச் சற்று முன்னால் சட்டையெல்லாம் மரத்தூளோடு வந்து நின்றார். மரப்பெட்டியைக் கோட்டில் வைத்து நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்தேன். ஃபோர்க்லிஃப்டால் சாய்த்து, குலுக்கி, மறுபடி பார்த்தேன். ஊசி அப்படியே நின்றது. கையெழுத்துப் போட்டேன்.

காசிம் அங்கேயே போனை எடுத்தார். "முதலாளி, ஏறிடுச்சு. யாரா? அந்தப் பேசாத அக்காதான். பேசாததால சும்மா சைன் போட்டுரும்னு மட்டும் நம்பிடாதீங்க."

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஊசி ஆடினால் காந்தம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆடாவிட்டால் காந்தமே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டு காந்தங்கள் ஒன்றையொன்று அடக்கிக்கொண்டு உள்ளே இருக்கலாம். ஆடாத ஊசியைத்தான் நான் இன்றும் அதிக நேரம் பார்க்கிறேன்.