ஜெஸ்லின் கேட்டு வாங்கிய இடம்

முருகதாஸ் ஜெஸ்லினை முதலில் பார்த்தது 2009-இல், திருவனந்தபுரத்தில் மருத்துவ மேற்படிப்புக்கான கவுன்சலிங் நடந்த கூடத்தில். தரவரிசையில் அவனுக்கு ஒரு படி முன்னால் இருந்தாள். தோல் மருத்துவத்தில் ஒரே இடம்தான் மிச்சம். தன் கிராமத்தின் முதல் பட்டதாரியான முருகதாசுக்கு அதன்மேல்தான் கண். புதிதாக வந்திருந்த அவசர மருத்துவத்தைக் காலையிலிருந்து யாருமே தொடவில்லை.

“அதையா எடுக்கப் போற?” என்று ஜெஸ்லினின் அப்பா பதறினார். அவர் தம்பானூர் ஓட்டலொன்றில் பரோட்டா போடுபவர். “தோலுக்குப் படிச்சா வீட்டு முன்னால போர்டு வச்சு ஆளுகளப் பாக்கலாம் மக்ளே. கேஷுவால்டி டாக்டருக்கு ஏது போர்டு?”

“நெஞ்சப் புடிச்சிட்டு வாறவன் போர்ட வாசிச்சிட்டா வருவான்? எனக்கு கேஷுவால்டி டியூட்டிதான் புடிச்சிருக்குப்பா.”

“ஒனக்க அம்மைக்க அதே வாயி!” என்றார் அவர். ஆனாலும் பெயரைக் கூப்பிட்டதும் சான்றிதழ்ப் பையை அவரே எடுத்து நீட்டினார்.

ஜெஸ்லின் “அவசர மருத்துவம்” என்று உரக்கச் சொன்னாள். அடுத்துப் போன முருகதாசுக்குத் தோல் மருத்துவம் கிடைத்தது. வெளியே வந்ததும் அவளுக்கு நன்றி சொன்னான்.

“ஒமக்காவ ஒண்ணும் விட்டுத்தரல, கேட்டீரா. எனக்கு வேண்டியத எடுத்தேன்,” என்று சிரித்தாள்.

இன்று அதே நகரத்தில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஜெஸ்லின்தான் தலைவர்.