வாரேங்க எம்.எல்.ஏ.

மத்தியானம் ஹெட் கிளார்க் ஒரு தாள நீட்டுனாரு. நேத்து நம்ம பழைய எம்.எல்.ஏ. தவறிட்டாரு, பஞ்சாயத்து யூனியன் கூட்டத்துக்கு இரங்கல் தீர்மானம், மூணு காப்பி அடிக்கணும். மொத வரியிலயே 'பண்பாளர்'. ஆபீஸ்லயே வேகமா அடிக்கிற கை நான்தான் மாப்ள. பி.ஏ. தேர்டு கிளாஸ்னாலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸு. ஆனா அந்தப் 'ப'வத் தாண்டி வெரல் நகரல. தாள உருவி வச்சிட்டு ஒனக்கு இத அடிக்கிறேன். ஆபீஸ் தாளுதான், வெளிய சொல்லிறாத.

கார்பன் வாசம் இருக்கே, அது அப்படியே எலெக்சன் நோட்டீசு மை வாசம். அந்த நோட்டீச வீடு வீடா அவரே கொண்டாந்து குடுத்தாரு. எல்லாரையும் கும்புட்டு "போயிட்டு வாரேங்க"ம்பாரு. கெழவிகிட்டயும் சொல்லுவாரு, கைப்புள்ளைகிட்டயும் சொல்லுவாரு. 'வாரேங்க எம்.எல்.ஏ.'ன்னு நாங்க பேரே வச்சிட்டோம். கட்டிப்போட்ட ஆட்டுகிட்டகூட சொல்லிட்டுத்தான் ஜீப்புல ஏறுவாருன்னு ஓட்டுவோம்.

அப்பாவுக்கு மட்டும் அந்தக் கிண்டல் ஆகாது. எங்க ஊருக்கும் விராலிமலைக்கும் நடுவுல ஒரு காட்டாறு. பாலம் கேக்கணும்னு அப்பா ஒரு தடவ அவரப் பாக்கப் போனாரு. சட்ட கெடையாது, துண்டு கக்கத்துல. ஆபீசருங்களோட பேசிட்டிருந்த மனுசன் அப்பாவப் பாத்ததும் சேர விட்டு எந்திரிச்சு, "வாங்கண்ணே, ஒக்காருங்க"ன்னாராம். ஒரு வருசம் வீட்டுல இதே பேச்சு.

"ஒக்காந்தீங்களாப்பா?"ன்னு கேட்டேன்.

"அதெப்படிடா ஒக்கார்றது. எந்திரிச்சாருல்ல, போதும்."

சட்டசபையில அவரு கேக்கத்தான் செஞ்சாரு. ஆனா அது காஞ்ச வருசம். பாலத்தவிட கெணறு கேட்டா ஒடனே கெடைக்கும்னு நெனச்சாரு போல. எங்க ஆத்துல தண்ணியே வர்றதில்லீங்க, பாலம் கட்டுனா மேல நின்னு மணலத்தான் பாக்கணும், கெணத்தக் குடுங்கன்னுட்டாரு. பேப்பர்ல அதுக்குப் பக்கத்துலயே அடைப்புக்குறி போட்டு 'சிரிப்பு'ன்னு போட்டிருந்தான். கெணறு ரெண்டு வந்துச்சு. பாலம் போச்சு.

அடுத்த ஐப்பசியில ஆறு வந்துச்சு. நான் காலேஜு லீவுல ஊர்ல இருந்தேன். தங்கச்சி லூர்து வெறகு எடுக்கப் போன எடத்துல பூச்சி கடிச்சிருச்சு. எங்க பக்கம் பாம்ப அப்படித்தான் சொல்லுவோம். வண்டியில போட்டு ஆத்தங்கரை வரைக்கும் போனோம். தண்ணி ரெண்டு பனை அகலத்துக்குப் புரண்டு ஓடுது, மாடு எறங்க மாட்டேங்குது. அக்கரையில பஸ்சு நிக்கிறது கண்ணுக்குத் தெரியுது மாப்ள. லூர்து ஏம் மடியில தல வச்சு அந்த பஸ்சத்தான் பாத்துக்கிட்டிருந்தா. கொஞ்ச நேரத்துல பாக்குறத நிறுத்திட்டா.

அடக்கம் முடிஞ்சு ஆறு வடிஞ்சதும் அவரு வந்தாரு. செருப்பக் கையில புடிச்சு, வேட்டிய நனைச்சுக்கிட்டு, மணல்ல நடந்தே வந்தாரு. அப்பா பக்கத்துல தரையில ஒக்காந்து, "எனக்குச் சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்த புள்ளதானண்ணே"ன்னு அழுதாரு. நடிப்பு இல்ல. நடிச்சிருந்தா எனக்குச் சுலுவாப் போயிருக்கும்.

எழவு வீட்டுல 'போயிட்டு வாரேன்'னு சொல்லக்கூடாது. வேதக்கோயிலுக்குப் போறவங்கன்னாலும் எங்களுக்கும் அதான் மொறை. பேசாம எந்திரிச்சுப் போயிரணும். அவருக்குத் தெரியாதா? வாய்ப்பழக்கம். எந்திரிச்சாரு, கும்புட்டாரு, "போயிட்டு வாரேங்கண்ணே"ன்னுட்டாரு.

பொம்பளைங்க அழுகைகூட நின்னுபோச்சு. அப்பாவும் எந்திரிச்சு, அதே மரியாதையாக் கும்புட்டாரு.

"வராதீங்கய்யா. ஆத்துல தண்ணி வந்தாலும் வரும்."

அவரு மூஞ்சிய நான் பாத்தேன். செருப்பு போட மறந்து, கையில புடிச்ச மேனிக்கே போனாரு. அதுக்கப்புறம் எங்க ஊருப் பக்கம் காலே வைக்கல. அடுத்த எலெக்சனுக்கு ஓட்டுக் கேக்கவும் வரல. தோத்துட்டாரு.

ஜெயிச்சது எதுத்து நின்ன எங்க ஆளு. மைக்கு புடிச்சுத் தொண்ட கிழியக் கத்துனது நான். வந்த ஒடனே பாலத்தக் கட்டிட்டாரு, அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது. அப்பா நன்றி சொல்லணும்னு எலுமிச்சம்பழத்தோட போனாரு. எங்க ஆளு பேப்பர்லேருந்து தலையத் தூக்காமயே, "என்னய்யா"ன்னாராம். பழத்த மேச மேல வச்சிட்டு, அந்த ஆளு கட்டுன பாலத்து மேலயே நடந்து வந்துட்டாரு. நான் அப்புறம் மைக்கு புடிக்கல.

ஹெட் கிளார்க் ரெண்டு தடவ கூப்புட்டாச்சு. பண்பாளர்னு அடிச்சா பொய் இல்ல, அதான் மாப்ள கஷ்டம். அதோட நிறுத்துனா லூர்து எங்க போறது?

நேத்துச் சாயங்காலம் அப்பா எழவுக்குப் போயிட்டு இருட்டுறதுக்குள்ள திரும்பிட்டாரு. இப்பல்லாம் சட்ட போட்டுத்தான் வெளிய போறாரு. கால் கழுவிட்டு ரொம்ப நேரம் துண்டால தொடைச்சுக்கிட்டே நின்னாரு. கூட்டமாப்பான்னு கேட்டேன்.

"கூட்டந்தான். பக்கத்துல போயி நின்னேன்டா. அவரு எந்திரிக்கல."