ஆட்டைத் திவசமும் ஆலா முட்டைகளும்

தொண்டைமானாறு கடலோடு சேரும் முகத்துவாரத்தில், கண்டல் மரமும் வெறும் மணலுமாகக் கிடக்கும் சின்னத் தீவுதான் எங்கள் பறவைப் பார்க். நான் அங்கே கார்ட். போட் ஓட்டுவதும் நானே. வெயில் காலத்தில் ஆலாப் பறவைகள் கூடு கட்டும் சோலியே இல்லாமல் மணலில் முட்டையிட்டுவிடும். முட்டையும் மணல் நிறம். மனிதர் கண்ணுக்குத் தப்பும், காகத்தின் கண்ணுக்குத் தப்பாது. அதனால் தீவில் சாப்பாட்டுப் பொதி பிரிக்கக் கூடாது என்பது கண்டிப்பான சட்டம்.

ஒரு நாள் மத்தியானம் ஒரு தாயும் மகளும் சோற்றுப் பொதியோடு இறங்குதுறைக்கு வந்தார்கள்.

"என்ரை மனிசன் செத்து இண்டைக்கு ஒரு வருசம், ஆட்டைத் திவசம் தம்பி. உந்தத் தீவடியிலைதான் வலை போடுறவர். காகத்துக்கு அங்கை ஒரு பிடி வைக்கவேணும்."

"ஏலாது அக்கா. காகம் வந்தால் முட்டை எல்லாத்தையும் குடிச்சுப்போடும். இஞ்சை கரையிலை வையுங்கோ."

"வீட்டிலை வைச்சனான். ஒண்டும் கிட்ட வரேல்லை. அவருக்கு என்னிலை என்ன கோவமோ!"

மகள் என் பக்கம் திரும்பினாள். "அம்மா சுகர்காரி அண்ணை. காகம் எடுக்காமல் பச்சைத் தண்ணியும் குடிக்கமாட்டன் எண்டு நிக்கிறா."

"தீவைப் பாத்திட்டு வாங்கோ. பொதி போட்டிலை இருக்கட்டும்" என்றேன். அக்கா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பினேன். தீவில் நான் கயிறு கட்டித் திரும்புவதற்குள் வாழையிலை விரித்து, சோறும் கறியும் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு இலையைத் தூக்கி ஆற்றில் எறிந்திருப்பேன். அதற்குள் கண்டலுக்குள்ளிருந்து ஒரு காகம் வந்து ஒரு வாய் எடுத்தது. அக்கா கைகூப்பி அழத் தொடங்கிவிட்டார். என்னால் கிட்டப் போக முடியவில்லை.

பின்னால் நாலைந்து காகங்கள் வந்தன. அவை சோற்றில் இறங்கவில்லை, நேரே முட்டைகள் கிடந்த மணல் திட்டிக்குப் போயின. ஆலாக்கள் கத்திக்கொண்டு எழும்பின. நான் துடுப்போடு ஓடினேன்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அக்கா என்னை முந்திப் போனார்.

"காலைப் பாத்து வையுங்கோ!" என்று கத்தினேன். அக்கா நின்ற இடத்திலேயே அசையாமல் நின்று, முட்டைக்குக் கிட்டப் போன காகத்தைப் பார்த்துக் கைதட்டினார்.

"உங்களுக்குத்தானே அங்கை சோறு வைச்சனான்! அதுகளின்ரை பிள்ளையளை விடுங்கோ!"

இரண்டு முட்டைகள் போயின. மற்றவை தப்பின. இறங்குதுறைக்குத் திரும்பி வந்தபிறகு மகள் பொதியில் மிஞ்சிய சோற்றைப் பிரித்து வைத்தாள், தாய் சாப்பிட்டார்.

"ஒரு வருசத்துக்குப் பிறகு வந்த மனிசனை ஏசிக் கலைச்சுப்போட்டன் தம்பி" என்று சொல்லி, அழுதபடியே சிரித்தார்.

சட்டத்தைச் சொன்னால் வேலை முடிந்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சட்டத்தால் தடுக்கிற ஆளுக்கு வேறு வழி சொன்னால் மட்டும் போதாது, அது சரிவரும்வரை கூட நிற்கவும் வேண்டும். இப்போது திவசக்காரர் வந்தால் கரையிலேயே இலை போடச் சொல்கிறேன். காகம் எடுத்த பிறகுதான் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவேன். சில நாள் காகம் வரச் சுணங்கும். அப்போது நானும் யூனிபோர்மோடு பக்கத்தில் நின்று, "கா, கா" என்று கூப்பிடுவேன்.