ராமன் சார் சொன்னதும் நான் சொன்னதும்

போன வாரம் மகளுக்குச் சளி. என் மனைவி அமலி அடுப்பில் கபசுரக் குடிநீரைக் கொதிக்க வைத்தாள். அந்த வாடை முன்னறைக்கு வந்ததுதான் தாமதம், நான் எழுந்து ஜன்னலைத் திறந்துவைத்தேன். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ஊரடங்குக் காலத்தில் ஆளாளுக்கு டம்ளரை நீட்டி வாங்கிக் குடித்தோமே, அதே கசாயம்தான். எனக்கு அந்த வாடையோடு ஒரு மில்லின் பூட்டிய கேட்டும், ஒரு ஸ்பெயின் நாட்டுக்காரரின் முகமும் சேர்ந்தே வரும். முதல் மடக்கைக் குடித்துவிட்டு, கண்ணில் நீர் முட்ட, "இதைப் பிள்ளைகளுக்குமா கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டவர் அவர்.

மகளும் அதே முகத்தைத்தான் காட்டினாள். பாதியைத் துப்பிவிட்டு ஒரு தும்மல் போட்டாள். நான் என்னையறியாமல் "ஹெஸூஸ்" என்றேன். பக்கத்தில் யாராவது தும்மினால் ஸ்பெயினில் அப்படித்தான் இயேசுவைக் கூப்பிடுவார்கள். நாம் நூறு ஆயுசு என்பதில்லையா, அதைப்போல. என் வாயில் ஒட்டிக்கொண்டு இன்னும் போகாத ஸ்பானிய வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

மம்சாபுரத்துக்காரனுக்கு ஸ்பானிஷ் எப்படி என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடம் முடித்ததும் சாமியாராகப் போகிறேன் என்று கிளம்பியவன் நான். சேர்ந்த சபை ஸ்பெயினில் தொடங்கியது. அந்த ஊர்ச் சாமியார்கள் இரண்டு பேர் எங்களோடு இருந்தார்கள். சில வருசத்தில் எனக்கும் தேவ அழைத்தலுக்கும் ஒத்துவராது என்று எல்லாருக்குமே தெரிந்துபோனது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது கையோடு வந்தது அந்தப் பாஷை மட்டும்தான். அதுவும் ஜெபக்கூடத்திலும் சாப்பாட்டு மேசையிலும் கற்றது. "எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்" தெரியும். "அந்த ரொட்டியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்கள்" தெரியும். இரண்டுக்கும் நடுவில் பெரிய பொட்டல்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஸ்டோர் கிளார்க்காகச் சேர்ந்தபோது, தெரிந்த மொழிகள் என்ற இடத்தில் ஸ்பானிஷையும் ஒரு கெத்துக்காகப் போட்டுவைத்தேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. எனக்குக் கல்யாணமாகி, அமலி மாசமாக இருந்த சமயத்தில் ஸ்பெயினிலிருந்து புது மிஷின் வந்தது. அதைப் பூட்டி ஓட்டிக் காட்ட ஒரு ஆளும் வந்தார். பெயர் ரமோன். வந்த மறுநாளே மில்லில் எல்லாருக்கும் ராமன் சார் ஆகிவிட்டார். ஆறடி உயரம், நரைத்த மீசை, தனி ஆள். இங்கிலீஷில் 'ஓகே', 'டுமாரோ' தவிர ஒன்றும் வராது.

முதலில் போனை வைத்துத்தான் சமாளித்தார்கள். அவர் பேசினால் அது இங்கிலீஷில் திருப்பிச் சொல்ல வேண்டும். மிஷின் சத்தத்திலும், வார்த்தைகளின் வாலை விழுங்கிப் பேசும் அவர் வேகத்திலும் அது ஏதேதோ உளறியது. முதலாளி கடுப்பாகிவிட்டார். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிற மனிதர். "ஏமி செப்துன்னாடு? என்னதான் சொல்றாரு? இந்தக் கருமம் வேண்டாம், மனுசன் யாராச்சும் இருந்தாக் கூப்பிடு" என்றார். யாரோ என் பழைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து என் வேலை, ராமன் சார் சொல்வதையெல்லாம் இங்கிலீஷில் வாட்ஸப் குழுவில் போடுவது. மும்பையில் இருக்கிற மிஷின் ஏஜெண்டும் படிக்க வேண்டும் என்பதால் இங்கிலீஷ். போல்ட், நட்டுக்கெல்லாம் கையைக் காட்டி அவரே சமாளித்துக்கொண்டார். அன்றாடப் பேச்சுதான் என்னைப் படுத்தி எடுத்தது. நாம் சாப்பிட உட்கார்ந்தால் கடந்து போகிறவர் "கே அப்ரோவேச்சே" என்பார். சாப்பாடு உடம்பில் ஒட்டட்டும் என்கிற மாதிரி ஒரு வாழ்த்து. இங்கிலீஷ்காரனுக்கு அதற்கு வார்த்தையே இல்லை. 'என்ஜாய் யுவர் ஃபுட்' என்று போட்டேன். முதலாளி, "நம்ம சாப்பாட்ட நாம சாப்பிட இவரு பெர்மிஷனா?" என்று கேட்டார்.

பத்து நாளில் முடிகிற வேலை. பாதியில் ஊரடங்கு வந்தது. உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே இருக்கட்டும் என்று கேட்டைப் பூட்டிவிட்டார்கள். காம்பவுண்டுக்குள் இருந்த கெஸ்ட் ஹவுஸில் நான், ராமன் சார், சமையலுக்குச் சேத்தூர் செல்லையா அண்ணன், வாட்ச்மேன், வாட்ச்மேனுடைய வெள்ளை நாய். முதலாளி அவர் பங்களாவில் இருந்துகொண்டு வீடியோவில் வருவார்.

"நீ போயிட்டா அவருக்கு வாய் கெடையாதுப்பா. வயித்து வலின்னாக்கூட யாருகிட்டச் சொல்வாரு? எம்பசிக்கு ஏதாச்சும் எழுதிப்போட்டார்னா நான்தான பதில் சொல்லணும்? அவரு கெளம்புற வரைக்கும் இரு" என்றார்.

முதலாளி கடிதம் இல்லாமல் ரோட்டில் இறங்கினால் போலீஸ் திருப்பி அனுப்பும். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீடு. பைக்கை எடுத்தால் ஒரு பாட்டு, இரண்டு பாட்டு முணுமுணுப்பதற்குள் போய்விடலாம். அந்தத் தூரத்துக்கு நான் வாரக்கணக்கில் தவித்தேன்.

சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறுவேன். வெயில் தாழ்ந்து, மலை நீலமாகும்போது வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரியும். அதற்குப் பக்கத்துத் தெருவில்தான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு அமலி நடமாடிக்கொண்டிருந்தாள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கன், ஆண்டாள் கோபுரத்தைப் பார்த்துப் பார்த்துப் பெண்டாட்டியை நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகையாக வரும். கீழே இறங்கினால் அதே பஞ்சு வாடை, அதே கேட், அதே பூட்டு.

ராமன் சாருக்கும் அதே கதிதான். ஆனால் அவர் வேறு மாதிரி மனிதர். சாப்பிட்டதும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தால் அவருக்குப் பிடிக்காது. சாப்பாட்டுக்குப் பிறகு மேசையிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதற்கு அவர்களிடம் ஒரு தனி வார்த்தை உண்டு, 'சோப்ரெமேசா'. அதை இங்கிலீஷில் ஒரு பத்தியே எழுதினாலும் விளங்க வைக்க முடியவில்லை. எங்கள் மில்லில் தட்டு காலியானால் ஆளும் காலி. எங்களுக்குப் போக வேறு இடமில்லாததால், செல்லையா அண்ணனும் நாங்களும் காய்ந்த கையோடு உட்கார்ந்திருப்போம். அவர் தன் ஊரைப் பற்றிச் சொல்வார். நான் அமலியைப் பற்றிச் சொல்வேன். அண்ணன் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரிப்பார்.

எது கேட்டாலும் ராமன் சாரிடம் ஒரு பதில் உண்டு. "நோ பாசா நாதா." கரண்ட் போய்விட்டது, நோ பாசா நாதா. விமானம் ரத்து, நோ பாசா நாதா. நான் ஒவ்வொரு தடவையும் 'நோ ப்ராப்ளம்' என்று குழுவில் போட்டேன்.

ஆனால் காரம் விஷயத்தில் மட்டும் அவர் பொறுமைசாலி இல்லை. இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். நம் பக்கம் ஒருவர் கோபமாகச் சொன்னதை அப்படியே கொண்டுபோய் இன்னொருவரிடம் கொட்டமாட்டோம் அல்லவா? நாலு வார்த்தையைக் குறைத்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றித்தான் சொல்வோம். பழகிய குணம். "இது சாப்பாடு இல்லை, தண்டனை" என்று அவர் தட்டைத் தள்ளினால், 'சார் காரத்தைக் கொஞ்சம் குறைக்கக் கேட்கிறார்' என்று எழுதுவேன். "இந்த வயரிங் போட்டவனைக் கட்டி வைக்க வேண்டும்" என்றால், 'சார் சில திருத்தங்கள் சொல்கிறார்'.

ஒருநாள் மாட்டிக்கொண்டேன். மிஷினை உடனே ஓட்டிக் காட்டச் சொல்லி முதலாளி வீடியோவில் நெருக்கினார். ராமன் சார் முகம் சிவந்து, மேசையைக் குத்தி, மூச்சு விடாமல் கத்தினார். முடித்ததும் நான், "தன்னால் முடிந்த அளவு பார்ப்பதாகச் சொல்கிறார்" என்றேன்.

முதலாளி குலுங்கிச் சிரித்தார். "இம்புட்டு நேரம் கத்துனதுக்கு இத்தினிக்கூண்டுதான் அர்த்தமா? ஏம்ப்பா, அவரு சொன்னதா, நீயாச் சொல்றதா?"

அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் அந்தக் கேள்வி வாலாக வந்தது. நானும் சிரித்துக்கொள்வேன். அது எனக்கே குழியாகும் என்று தெரியாது.

அமலிக்கு ஒரு காலையில் வலி எடுத்துவிட்டது. நாள் இன்னும் இருந்தது. போனில் அவள் குரலே வேறாக இருந்தது.

"என்னங்க, ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிட்டோம். நீங்க எப்ப வாரீக?"

"இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டேன். முதலாளிக்கு வீடியோ போட்டேன். விவரத்தைக் கேட்டவர், "அவரு என்ன சொல்றாரு? நீ போனா அவருக்குச் சம்மதமான்னு கேளு" என்றார்.

ராமன் சாரிடம் கேட்டேன். "இதென்ன கேள்வி? போ, உடனே போ!" என்று என் தோளைப் பிடித்துத் தள்ளினார். நான் அதை அப்படியே சொன்னேன். அன்றைக்குத்தான் ஒரு வார்த்தைகூடக் குறைக்காமல், கூட்டாமல் சொன்னேன்.

முதலாளி கண்ணை இடுக்கிப் பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "ஏம்ப்பா, அவரு சொன்னதா, நீயாச் சொல்றதா?"

அந்தக் காம்பவுண்டுக்குள் ராமன் சார் பாஷை தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனக்குச் சாட்சி சொல்ல ஆள் கிடையாது. சத்தியம் செய்தேன். "பொண்டாட்டி பிரசவத்துக்குப் போகணும்னா யாரா இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவான்" என்றார் முதலாளி. அவர் கெட்டவர் இல்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன்.

ராமன் சார் என்னவென்று கேட்டார். நான் இட்டுக்கட்டுவதாக முதலாளி நினைக்கிறார் என்று அதையும் நானே மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் ஒரு நிமிசம் என்னைப் பார்த்தார். அறைக்குள் போய்த் தன் போனை எடுத்துவந்தார். முதல் நாளே ஒதுக்கித் தள்ளிய அதே சங்கதி. மிஷின் ஓடாத அமைதியில், குழந்தைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி அதனிடம் பேசினார். பிறகு வீடியோவுக்கு நேரே பிடித்தார். உணர்ச்சியே இல்லாத ஒரு பெண்குரல் இங்கிலீஷில் சொன்னது. 'அவனை வீட்டுக்கு விடுங்கள். அவன் மனைவி பிரசவிக்கிறாள். எனக்கு அவன் வேண்டாம். நான் தனியாக இருப்பேன். எதுவும் நடக்காது.'

கடைசியில் அது சொன்னது 'நோ பாசா நாதா'வை. அந்த வார்த்தைக்கு அது அர்த்தமில்லை. இவ்வளவு நாள் நான் போட்ட 'நோ ப்ராப்ளம்' கூட இல்லை. அவர் முகத்தைப் பார்த்தபோது அன்றைக்குத்தான் புரிந்தது. வலிக்கிற இடத்தில் கையை வைத்து மூடிக்கொண்டு நாம் "பரவால்ல" என்கிறோமே, அது. அதை முதலாளியிடம் சொல்லியிருப்பேன். வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று பேசாமல் நின்றேன்.

போனுக்குப் பெண்டாட்டி இல்லை, அதனால் முதலாளி நம்பினார். "சரி, லெட்டர் அனுப்புறேன், கெளம்பு" என்றார்.

பைக்கில் வந்தது அரைகுறையாகத்தான் ஞாபகம். பூட்டிய பால்கோவாக் கடைகள், ஆளில்லாத பஸ் ஸ்டாண்ட். ஆஸ்பத்திரி வராண்டாவில் நிறுத்தி, கைக்கு மருந்து தெளித்து, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் துணியில் சுற்றிய மகளைத் தூக்கிக் காட்டினார்கள். அமலி படுத்தபடியே கையை அசைத்தாள். நேரத்துக்கு வந்துவிட்டேன். அந்தச் சந்தோசத்தை இங்கே எழுதத் தெரியவில்லை.

வெளியிலிருந்து வந்தவன் என்று என்னை வீட்டு முன்னறையில் தனியாக வைத்தார்கள். அதுவும் ஒரு சிறைதான், ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் மகள் அழுகிற சத்தம் கேட்டது. நான் அங்கே இருந்தபோதே ராமன் சாருக்குச் சிறப்பு விமானத்தில் இடம் கிடைத்து, காரில் மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். மதுரைக்குப் போகிற கார் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். என் ஜன்னலுக்குக் கூப்பிடு தூரத்தில் அவர் போயிருக்கிறார். எனக்குத் தெரியாது.

பிறகு செல்லையா அண்ணன்தான் சொன்னார். "நீ போன பொறவு அவிய யாருகிட்டயும் பேசலப்பா. அந்தப் போனையும் தொடல. சாப்ட்டுட்டு மேசையிலயே உக்காந்திருப்பாக. நான் போயி எதுத்தாப்ல உக்காருவேன். எனக்கு என்ன தெரியும்? சும்மா இருப்போம். நாய்கிட்ட மட்டும் என்னமோ சொல்லுவாக."

எனக்கு அவர் வீட்டு வழியைத் திறந்துவிட்டபோது, தன்னைப் பூட்டிக்கொண்டுதான் திறந்துவிட்டிருக்கிறார். அது தெரிந்தேதான் செய்தார்.

இப்போது அந்த கெஸ்ட் ஹவுஸ் இல்லை. இடித்துவிட்டுக் குடோன் கட்டிவிட்டார்கள். வெளிநாட்டுக்காரர் வந்தால் ஆளுக்கொரு போனை நீட்டிப் பேசிக்கொள்கிறார்கள், நன்றாகவே பேசுகிறது. என் ஸ்பானிஷை யாரும் கேட்பதில்லை. அன்றைக்கு என்னை வெளியே விட்ட போன், அந்த வேலையிலிருந்தும் என்னை வெளியே விட்டுவிட்டது. சாப்பிட்ட பிறகு யாரும் உட்காருவதில்லை. செல்லையா அண்ணனும் சேத்தூரோடு நின்றுகொண்டார்.

போன வாரம் கசாயம் கொடுத்த அன்று மகளை மடியில் வைத்துக்கொண்டு, வருசக்கணக்கில் தொடாத அந்த எண்ணைக் கூப்பிட்டேன். முன்பெல்லாம் கிறிஸ்துமசுக்கு ஒரு வாழ்த்து வரும். பிறகு அதுவும் நின்றுபோனது. மணி அடிக்கவில்லை. ஒரு பெண்ணின் பதிவுக்குரல் வந்தது. நீங்கள் அழைத்த எண் இப்போது இல்லை என்று ஸ்பானிஷில் சொல்லி, மறுபடியும் சொன்னது.

"யாருப்பா அது? என்ன சொல்லுதாக?" என்று மகள் போனைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

"ராமன் தாத்தா வெளிய போயிருக்காகளாம்மா. பொறவு கூப்பிடச் சொல்லுதாக."

அவள் என் முகத்தையே பார்த்தாள். இந்தக் கதையை அமலி சொல்லிச் சொல்லி, எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி எல்லாருக்கும் மனப்பாடம்.

"அவிய சொன்னதா, நீயாச் சொல்றதா?" என்றாள்.