களியிக்காவிளை வரை கேட்ட குரல்

ராஜபாய்க்குக் காது கூர்மை. பாறசாலைப் பக்கம் பிறந்து, கல்யாணமாகிக் கரமனைக்கு வந்தவள். தொண்ணூறுகளில் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டை ஒட்டிய எஸ்.டி.டி. பூத்தில் எட்டு வருஷம் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே வளைகுடாவில் இருக்கும் புருஷனிடம் ஒருத்தி கத்திப் பேசினால், அந்தப் பக்கத்துக்காரனுக்குக் கேட்கிறதா இல்லையா என்பதை வெளியிலிருந்தே சொல்லிவிடுவாள். கேட்காதபோது மனிதர்கள் ஒரே சொல்லை மூன்று தடவை சொல்வார்கள், அதுதான் அடையாளம் என்பாள்.

மொபைல் வந்து பூத்தை மூடியபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. ஆரியசாலையில் மிளகாய் மண்டி ஒன்றின் மாடியில் அருமைநாயகம் ஓர் ஆபீஸ் வைத்திருந்தார். நர்ஸுகளை வளைகுடா ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் ஆபீஸ். ஆறு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஓயாத தும்மல். அங்கே அவளைப் போன் வேலைக்கு எடுத்துக்கொண்டார். இரண்டாயிரத்து ஐந்தில் பிராட்பேண்ட் வந்ததும் இன்டர்வியூ எல்லாம் நெட்போனுக்கு மாறிற்று. பெண்கள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மஸ்கட்டில் இருக்கும் மேட்ரனிடம் பேச வேண்டும்.

வந்த புதிதில் நன்றாகத்தான் இருந்தது. போகப் போகக் குரல் உடைய ஆரம்பித்தது. மேட்ரன் பேசுவது இங்கே தெளிவாகக் கேட்கும். இங்கே பேசுவதுதான் அங்கே துண்டு துண்டாகப் போகும்.

லிபி என்ற பெண்ணுக்கு இன்டர்வியூ நடந்த அன்று அது உச்சத்துக்குப் போயிற்று. உதியங்குளங்கரைக்காரி, நாலு வருஷம் ஐ.சி.யு.வில் வேலை பார்த்தவள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். மேட்ரன் திரும்பத் திரும்ப "மன்னிக்கணும், கேட்கவில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரே பதிலை மூன்றாம் தடவை சொல்லும்போது லிபி பாதியில் நிறுத்திவிட்டாள். மேட்ரன் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

"எனக்குத் தெரியாம இல்லக்கா. அவங்களுக்குக் கேக்கல்ல," என்றாள் லிபி, ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு.

"தெரியும் மோளே. நான் இங்ஙன கேட்டோண்டுதான இருந்தேன்," என்றாள் ராஜபாய்.

அன்று மத்தியானமே சாதாரணப் போனில் மஸ்கட்டுக்குக் கூப்பிட்டு, கோளாறு எங்கள் பக்கம், பெண்ணின் பக்கம் இல்லை என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மன்றாடினாள். அடுத்த வாரம் இன்னொரு தடவை பார்க்கலாம் என்று மேட்ரன் சம்மதித்தாள்.

கம்ப்யூட்டர் பார்க்கிற செல்வினுக்கு ஆள் போயிற்று. சாலை மார்க்கெட்டுக் கடைகளுக்கெல்லாம் அவன்தான் மெக்கானிக். முதலில் ஹெட்செட்டை மாற்றினான். டியூப்லைட்டை உரசிக்கொண்டு போன கேபிளைப் பிரித்துச் சுவரின் மறுபுறம் அடித்தான். ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தது, அதையும் துடைத்தான். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் தேறியது போலிருக்கும், பிறகு பழைய கதைதான்.

"அந்தப் பக்கத்துல நமக்கு ஒரு ஆளு வேணும்க்கா," என்றான் செல்வின். "என்ன கேக்குது, என்ன கேக்கல்லன்னு பறயணும்."

மஸ்கட்டில் செல்வினின் கூட்டாளி லிங்கம் இருந்தான். ஏ.சி. மெக்கானிக். களியிக்காவிளைக்காரன். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. அன்று காலையில் நெட்போனில் அவனைப் பிடித்தார்கள். ராஜபாய் என்னத்தைப் பேசுவது என்று யோசித்தாள். தினமும் களியிக்காவிளை பஸ்ஸில் கண்டக்டர் கூப்பிடுகிற ஊர்ப் பெயர்கள் வாயில் வந்தன.

"கரமனை, பாப்பனங்கோடு, நேமம், பள்ளிச்சல், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை..."

"நேமம் கேட்டு. பின்ன ஒண்ணும் இல்ல. நெய்யாற்றின்கரைக்க வாலு மட்டும் கேட்டு," என்றான் லிங்கம்.

மறுபடி சொன்னாள். இந்தத் தடவை நெய்யாற்றின்கரை தாண்டி அமரவிளை வரை சுத்தமாகப் போயிற்று. அதற்கடுத்த தடவை பாப்பனங்கோட்டிலேயே விழுந்தது. பக்கத்தில் செல்வின் கறுப்புத் திரையில் நெட்டின் தாமதத்தைக் காட்டி ஓடுகிற எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். குரல் விழுகிறபோதெல்லாம் எண்கள் எகிறின. எதனால் என்றுதான் அவனுக்குப் பிடிபடவில்லை.

ராஜபாய்க்கு வேறொன்று காதில் விழுந்தது. பின்னால் நேசமணி அண்ணனின் நாற்காலி கிறீச்சிட்டது. பெண்களின் சர்ட்டிபிகேட்டை ஸ்கேன் செய்து மஸ்கட்டுக்கு மெயிலில் அனுப்புவது அவர் வேலை. அனுப்புகிற பொத்தானை அமுக்கியதும் சாய்ந்து உட்காருவார். அவர் சாய்ந்ததும்தான் லிங்கம் "போயாச்சு" என்றான்.

"அண்ணே, இன்னொண்ணு அனுப்புங்க," என்றாள்.

அனுப்பினார். பள்ளிச்சலில் குரல் அறுந்தது.

"இனி ஒண்ணும் அனுப்பாண்டாம். சும்மா இருங்க."

சும்மா இருந்தார். குரல் அறவில்லை. செல்வின் திரையிலிருந்து தலையைத் தூக்கினான்.

"அதுதான்க்கா. நமக்கு வாற வழி ரோடு மாதிரி அகலம். போற வழி ஒடுங்கின இடவழி. அண்ணனுக்க சர்ட்டிபிகேட் கட்டு உள்ள ஏறிச்சுன்னா குரலுக்கு நிக்க இடம் இல்ல."

நேசமணியின் முகம் கறுத்துவிட்டது. "நான் இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டித்தான அனுப்புதேன். அன்னைக்கு லிபிக்க சர்ட்டிபிகேட்டத்தான் ஏத்தினேன். அவங்க இப்ப வேணும்னு கேட்டாங்க," என்றார். அருமைநாயகம் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார்.

ராஜபாய் கடைசியாக ஒரு தடவை கரமனையில் தொடங்கினாள். உதியங்குளங்கரை, பாறசாலை, களியிக்காவிளை. முடித்த பிறகும் அந்தப் பக்கம் சத்தமில்லை.

"லிங்கம், கேட்டுதா?"

"எல்லாம் கேட்டு. எங்க ஊரு வரைக்கும் கேட்டுக்கா," என்றான். "இன்னும் ஒருக்கா கூடிப் பறயுங்க."

அவள் சொன்னாள். இந்தத் தடவை ஒவ்வொரு ஊராக, பஸ் நின்று ஆளை இறக்கிவிட்டுப் போகிற மாதிரி, மெதுவாகச் சொன்னாள்.

லிபியின் இரண்டாவது இன்டர்வியூ அன்று "எல்லாரும் கையெடுங்க" என்றாள் ராஜபாய். ஆறு பேரும் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். வேலை இல்லாததால் எல்லோரும் லிபி பேசுவதைக் கேட்டார்கள். ராத்திரி டூட்டியில் ஒரு கிழவரின் மூச்சு தடுமாறியதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று அவள் சொல்ல, நேசமணி நாற்காலி சத்தம் போடக் கூடாதென்று முன்னால் குனிந்தபடியே இருந்தார். மேட்ரன் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்கவில்லை. பத்து நாளில் வேலைக்கான உத்தரவு வந்தது.

அதன் பிறகு ஒன்றரை வருஷம் அந்த ஆபீஸில் அப்படித்தான் நடந்தது. ராஜபாய் "கையெடுங்க" என்பாள், எல்லோரும் கோவிலில் உட்காருவது போல உட்காருவார்கள். கீழே மூட்டை இறக்குகிற சத்தமும் மேலே ஒரு பெண்ணின் குரலும்தான். தீக்காயத்துக்கு முதலில் என்ன செய்ய வேண்டுமென்பது அருமைநாயகத்துக்கே மனப்பாடமாகிவிட்டது. யாராவது ஒருத்தி நல்ல பதில் சொன்னால் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொள்வார்கள். தன் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருந்தது அந்த நேரங்களில்தான் என்று ராஜபாய் பிற்பாடு சொல்வதுண்டு.

இரண்டாயிரத்து ஏழில் செல்வின் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து பொருத்தினான். குரலை முன்னால் விட்டு, மற்றதையெல்லாம் பின்னால் நிறுத்துகிற பெட்டி. "இனி ஆரும் வேலைய நிறுத்தாண்டாம்," என்றான். நல்ல காரியம்தான். அருமைநாயகம் அவனுக்குச் சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தார்.

அன்று அஜிதா என்றொரு பெண்ணுக்கு இன்டர்வியூ. ஆறு பேரும் தட்டிக்கொண்டிருந்தார்கள். குரல் உடையவே இல்லை. அவள் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தபோதுதான், அவள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் தான் கேட்கவில்லை என்பது ராஜபாய்க்கு உறைத்தது. பையை எடுத்துக்கொண்டு அவளோடு படியிறங்கினாள்.

"ஸ்டாண்டுக்குத்தான? நானும் வாறேன். என்னெல்லாம் கேட்டாங்க, பறஞ்சுட்டே வா மோளே."

சாலைக் கடைத்தெருவின் நெரிசலுக்குள் அந்தப் பெண் சொல்லிக்கொண்டே நடந்தாள்.