தகரக் கூரைக்குப் பொருத்திய பெடல்

கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்க அக்கா செய்த பழைய ஃபஸ் பெடலைத் திறந்துவைத்து, ஏசி ஓடும் எங்கள் செம்பூர் வீட்டில் மகள் சால்டரிங் அயர்னைச் சூடாக்கினாள். அந்தப் புகை மணம் போதும், எப்போதோ இடித்துவிட்ட எங்கள் தாராவி மாடியறை தகரக் கூரையோடு எழுந்து நின்றது.

காயலான் கடை ரேடியோக்களில் கழற்றிய ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களை அக்கா அங்கேதான் மீட்டரில் மாட்டுவாள். சூடு பட்டால் குணம் மாறுகிற சாமான் அது என்பதால், கீழே தையல் மெஷின்கள் கடகடக்க, நான் ஒவ்வொன்றையும் விரலால் பிடித்துச் சூடேற்றுவேன், முள் எகிறினால் குப்பைக்கு, மெல்ல நகர்ந்தால் பெடலுக்கு.

“ஏட்டி, மத்தியானம் ஆவட்டும். தகரம் கொதிக்கயில சரியாப் பாடுனாத்தான் நமக்கு ஆவும்,” என்பாள்.

அப்படிக் கூரை கொதித்த ஒரு மத்தியானத்தில்தான், வியர்வை சொட்டச் சொட்ட, அந்தச் சூட்டில் ஒலி பொங்கும் இடம்வரை, டிரான்சிஸ்டருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் பயாஸ் திருகைத் திருப்பி, இனி யாரும் அசைக்காதபடி அதன்மேல் நகப்பூச்சு வைத்தாள்.

“டிரான்சிஸ்டர் கராப் ஆயிடுச்சும்மா. சத்தம் விட்டு விட்டு வருது. புதுசு போட்டுடவா?” என்றாள் மகள்.

“ஒண்ணையும் தொடாத. ஏசிய பந்த் பண்ணிட்டு, அத ஜன்னல் வெயில்ல வை.”

நம்பாமல்தான் வைத்தாள். பெடல் கைசுடக் காய்ந்ததும் மறுபடி தந்தியை மீட்டினாள்; அறை அதிரப் பொங்கியது. வியர்த்து வழிய அவள் வாசித்துக்கொண்டே இருந்தாள். இடித்தவர்கள் தகரத்தைக் கொண்டுபோனார்கள். அந்த மத்தியானத்தை அக்கா நகப்பூச்சு வைத்துப் பூட்டியிருந்தாள்.